மூன்று முறை கறந்த பால்

காலை ஐந்தே முக்காலுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்களில்
கேன் மூடி திறக்கிறது.
செக்கானூரணி, கருமாத்தூர், வாலாந்தூர்,
பேரையூர்ப் பக்கம் சிக்னல் ஏறாத இரண்டு மேடுகள்.
உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு:
மூன்றே கட்டம் நிரப்பி
யாரோ கட்டைவிரலால் அனுப்புகிறார்கள்.
வந்து விழும் இடம் என் தூக்கம்.

இலந்தைக்குளத்தில், நாலாம் மாடியில்,
தரவுத்தளத்துக்கு நாங்கள் வைத்த வாசல் நாற்பது.
அதற்கு மேல் வருகிறவர் வரிசையில் நிற்கட்டும்
என்று எழுதியவள் நான்தான்,
ஊர் அறுபதாக இருந்தபோது.
அன்றைக்கு அது தாராளம்.

தை பிறந்த இரண்டாம் வாரம்
வாசல் அடைத்துக்கொண்டது.
மேலாளர் செல்லப்பெருமாள் கேட்ட ஆண்டறிக்கை
பழைய வரிகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டிக்கொண்டு
கதவை விடாமல் நின்றது.
பின்னால் ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று.
பதில் வராத கைபேசிகள் மறுபடி அனுப்பின.
மறுபடி. மறுபடி.
கூட்டத்துக்கு உவமை சொல்ல
இந்த ஊரில் பஞ்சமில்லை.
நான் சொல்லப் போவதில்லை.

"நாற்பதை நானூறாக்கு" என்றான் ரிஸ்வான்.
வாசலை அகலமாக்கினால்
அடுப்படி பெரிதாகிவிடாது.
அறிக்கை படிப்பவர்களுக்குப் பின்கட்டில்
ஒரு நகல் தளம் வைத்தோம்.
எந்தக் கேள்வியும் மூன்று நொடிக்கு மேல்
கதவைப் பிடித்தால் கையைத் தட்டிவிடச் சொன்னோம்.
கைபேசிக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தேன்:
தோற்றால் ஒரு நொடி நில்,
அப்புறம் இரண்டு, அப்புறம் நாலு,
எல்லோரும் ஒரே நாலில் வந்து மோதாதீர்கள்,
கொஞ்சம் முன்னே பின்னே.

மறுநாள் ஏழரைக்கு எல்லாம் பச்சை.
ரிங் ரோட்டில் நின்று பருத்திப்பால் குடித்தோம்.
சரியாகிவிட்டது என்று
குழுவில் எழுதினேன், ஆச்சரியக்குறியோடு.

பட்டுவாடா முடிந்த மறுநாள்
உதவி எண்ணில் ஒரு குரல்.
கருமாத்தூர், நானூற்றுப் பதினேழு, ஒச்சம்மாள்.
"துட்டு கூடுதலா வந்திருக்கு தாயி."
குறைந்தால் சொல்லத்தான் அந்த எண்.
கூடியதைச் சொல்ல
எங்கள் புகார்ப் படிவத்தில் கட்டமில்லை.
"என்கிட்ட மாடு ஒண்ணு. அதுவும் சினை.
ஒரு நாள் காலையில மட்டும்
பத்தே முக்கால் லிட்டர்ங்குது உங்க கணக்கு.
அம்புட்டுக் கறந்தா அது மாடா, மோட்டாரா?"

தேடினேன்.
ஐந்து ஐம்பத்திரண்டு, ஏழாவது நொடி: மூன்று புள்ளி ஆறு.
பதினோராவது நொடி: மூன்று புள்ளி ஆறு.
பதினாறாவது நொடி: அதே.

முதல் தடவையே எழுதியாயிற்று.
'எழுதியாயிற்று' என்ற சொல் மட்டும்
திரும்பும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.
கைபேசி தோற்றதாக நினைத்து
நான் கற்றுக்கொடுத்த பொறுமையோடு
திரும்பத் திரும்ப வந்து
அதே பாலை ஊற்றியிருக்கிறது.

அன்று மட்டும் எண்ணூற்று நாற்பத்தோரு இரட்டிப்பு.
அழைத்தது ஒருத்தி.
மற்றவர்களைச் சொல்லிக் குற்றமில்லை,
நாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி
பாதிப் போன்களில் வெறும் சதுரமாகத் தெரிந்திருக்கிறது.

இப்போது ஒவ்வொரு ஊற்றலுக்கும்
கிளம்பும்போதே ஒரு முத்திரை:
ஆள், தேதி, வேளை, கேன்.
அதே முத்திரை இரண்டாம் முறை வந்தால்
"வந்தாச்சு, போ" என்று பதில்.
ஆயிரம் தடவை வந்தாலும்
ஒரு தடவை வந்ததுதான்.

ஒச்சம்மாளின் கூடுதல் துட்டை
அடுத்த பட்டுவாடாவில் கழித்தார்கள்.
அதற்கும் ஒரு நிரல் புதிதாக எழுத வேண்டியிருந்தது.
வாங்கியவர் திருப்பித் தருவார் என்று
நாங்கள் யாரும் வடிவமைக்கவில்லை.

அதிலிருந்து காலையில் ஒரு பழக்கம்,
நானூற்றுப் பதினேழைப் பார்ப்பது.
இரண்டு புள்ளி ஒன்பது. இரண்டு புள்ளி இரண்டு.
லிட்டர் இறங்க இறங்கக் கொழுப்பு ஏறியது.
ஒன்று புள்ளி நாலு.

இன்று அந்த எண்ணில் வரி இல்லை.
வரிசையில் தேங்கியதா என்று பார்த்தேன்.
நகல் தளம் பிந்தி நிற்கிறதா என்று பார்த்தேன்.
பிழைக் குறிப்பில் தேடினேன். ரிஸ்வானை எழுப்பினேன்.
அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

எதுவும் தொலையவில்லை.
மாடு கறவை நின்றிருக்கிறது.